ஊறாத நாவிக் கிழங்கு

அந்தி மயங்கும் அவ்வேளையில் கொள்ளிடத்தின் வெள்ளம் செந்நிறம் பூண்டு நாணற்காடுகளுக்கிடையே வளைந்து சென்றுகொண்டிருக்க, அதன் வடகரையில் பாசறை இறங்கியிருந்த வீரர்கள் அனைவரும் பேச்சடங்கி ஒரேயொரு கூடாரத்தையே பார்த்திருந்தார்கள். உள்ளே அவர்களுடைய இளவரசன் பரிதிவேள் மூன்று நாளாய்க் கடுஞ்சுரத்தில் கிடந்தான்.

அவனுக்குப் பணிவிடை செய்த உமையாள்நங்கை மருந்துக் கிண்ணத்தை ஏன் அப்படி வெறித்துப் பார்த்தாள் என்று கேட்கிறீர்களா, வாசகர்களே? அரண்மனை வைத்தியர் மங்கலாதிராயர் தேனில் குழைக்கத் தந்த சூரணத்தைச் சற்றுமுன் நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்திருந்தாள். இப்போது நா மரத்துவிட்டது. உதடுகளில் எறும்பு ஊர்வது போலிருந்தது. நாவிக் கிழங்கு! கோமூத்திரத்தில் மூன்று நாள் ஊறவைத்து நஞ்சை முறிக்காத நாவிக் கிழங்கு!

வைத்தியர் கிண்ணத்தை இளவரசனின் வாயருகே கொண்டுசென்றார். அவள் பேசாதிருந்தாலே போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"கொடுக்காதீர்கள்! அது நஞ்சு!" என்று தன்னையும் மீறி அலறினாள்.

"பேதைப் பெண்ணே! ஏழு தலைமுறையாய் எங்கள் குலத்தார் தந்துவரும் மருந்தையா நஞ்சென்கிறாய்?"

"மருந்தைப் பழிக்கவில்லை, ஐயா. கிழங்கு எத்தனை நாள் ஊறியது? அதை மட்டும் சொல்லுங்கள்."

"ஒரு பகல். விடிந்தால் போர், இளவரசர் எழுந்தாக வேண்டும். வேரும் தழையும் யாரைக் கொன்றன?" என்ற மங்கலாதிராயர், சினம் தலைக்கேற, அம்மருந்தில் ஒரு விரலளவு வழித்துத் தம் வாயிலேயே இட்டுக்கொண்டார்.

ஒரு நாழிகை சென்றது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. பேச்சுக் குழறியது. மார்பைப் பற்றியபடி மண்ணில் சாய்ந்தார். உமையாள் பாய்ந்து சென்று உப்புநீரைப் புகட்டி, மீண்டும் மீண்டும் வாந்தியெடுக்கச் செய்தாள். ஆற்றின்மேல் நிலவு எழும்பிய பின்னரே அவருக்கு மூச்சு சீரானது.

"அவசரப்பட்டுவிட்டேன், அம்மா..." என்று முனகினார்.

பரிதிவேள் முழங்கையை ஊன்றி எழுந்தான். "நங்காய், பணிப்பெண் இதையெல்லாம் அறிந்தது எவ்வாறு? உண்மையைச் சொல். நீ யார்?"

"கருங்குன்றத்து அரையரின் மகள். தங்கள் பகைவர் மகள். தங்களைக் கொல்லவே இங்கு வந்தேன்."

காவலர்களின் வாட்கள் உறைவிட்டு வெளிவந்தன. இளவரசன் கையமர்த்தினான். "பின் ஏன் தடுத்தாய்?"

"என் தமையன் இதேபோல் சரியாக ஊறாத நாவி மருந்தை உண்டு, மூச்சுக்குத் தவித்துத் தவித்து என் மடியில் உயிர்விட்டான். அந்தச் சாவை இன்னொரு முறை பார்க்க எனக்குத் துணிவில்லை, இளவரசே."

இடைக்கச்சில் மறைத்திருந்த குறுவாளை உருவி அவன் காலடியில் வைத்துவிட்டு, அவள் அசையாமல் நின்றாள்.