பொண்ணுக்கு எடுத்துடுங்க

காலை ஒன்பது மணிக்கு தேவிப்ரியாவின் இடம் காணாமல் போயிருந்தது.

ஆரணியில் பட்டுச் சேலை காணாமல் போனால் நாலு தெரு கூடிவிடும். கல்லூரியில் ஒரு பாடம் காணாமல் போனால் பாடத்தேர்வு ஆலோசகர் சசிகலாவின் மேசைதான் போலீஸ் ஸ்டேஷன். பதிவு வாரம் முழுக்க அந்த மேசையில் சந்தை இரைச்சல். நேற்று மாலை ஐந்து மணியோடு பதிவு மூடியாயிற்று.

"நேத்து மத்தியானம்கூட பார்த்தேன் மேடம். டேட்டா சயின்ஸ்னு இருந்துது. இப்போ மார்க்கெட்டிங்னு காட்டுது." தேவிப்ரியா போனை நீட்டிக் காட்டினாள்.

அந்தப் பாடம் எடுத்தவர்களுக்கு மட்டுமே சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. இது கடைசி வருடம். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"வீட்ல இன்னா சொல்லி வெச்சிருந்தே?"

பெண் தலையைக் குனிந்தாள். "நைனா மெட்ராஸ் வேணாம்னுட்டாரு. அதனால மார்க்கெட்டிங்தான் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். பயிற்சி உறுதியானப்புறம் மெல்ல சொல்லிக்கலாம்னு. அம்மாவுக்குக்கூட தெரியாது."

சசிகலா பட்டுக்கடைக்காரர் மகள். வாடிக்கையாளர் எந்தச் சேலையைத் தொடாமலே திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்று கவனித்தே வளர்ந்தவள். முதலில் தேவிப்ரியாவின் அப்பா ஜெகநாதனுக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை இதே அறையில் நின்று, "பொண்ணை மெட்ராசுக்கு அனுப்ப நான் இன்னா பைத்தியமா?" என்று கூரை அதிரக் கேட்டுவிட்டுப் போனவர் அவர்.

"சும்மா சரிபார்க்கக் கூப்பிட்டேங்க. உங்க பொண்ணு எந்தப் பேப்பர்?"

"அதான் மார்க்கெட்டிங் போட்டுட்டாளே மேடம்! முடிஞ்சுபோன பேச்சை இன்னாத்துக்குத் திரும்ப இழுத்துகினு வர்றீங்க?"

சத்தம் பெரிது, சரக்கு இல்லை. முடிந்துவிட்டது என்று நம்புகிறவர் எதற்காக மெனக்கெடப் போகிறார்?

அடுத்து சுகன்யாவை வரச் சொன்னாள். வெம்பாக்கம் பக்கத்துக் கூலித் தொழிலாளி வீட்டுப் பெண். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். காலியான இடம் தானாக அவளுக்குத்தான் போயிருந்தது.

"மெசேஜ் வந்துது மேடம். சந்தோஷத்துல அழுதுட்டேன். யாரோடதுன்னு சத்தியமா தெரியாது." சொல்லும்போதே அவள் கண் தேவிப்ரியா பக்கம் போய்த் திரும்பியது.

அவள் மேல் குற்றமில்லை. ஏனென்றால் கணினிப் பதிவைத் திறந்து பார்த்தபோது, பாடம் நீக்கப்பட்டது மாணவியின் கணக்கிலிருந்து அல்ல, அலுவலகக் கணினியிலிருந்து. அந்தக் கணினியில் நேற்று உட்கார்ந்திருந்தவன் அலுவலக எழுத்தர் தீனா.

"ஆமா மேடம், நான்தான். ஜன்னல்ல முப்பது பேர் கத்திகினு இருந்தாங்க, ஒரே பேஜார். அப்போ இவங்க அம்மா போன் பண்ணாங்க. பேப்பரை எடுத்துடுங்கன்னாங்க. எடுத்துட்டு, இடம் காலியா இருந்த மார்க்கெட்டிங்ல போட்டேன்."

தேவிப்ரியா தீனாவின் பக்கம் திரும்பினாள். "அம்மாவா?"

அப்பா திட்டினால் பழகிய வலி. அம்மா செய்தால் அது வேறு.

"அவங்க சொன்னதை அப்படியே சொல்லு தீனா. ஒரு வார்த்தை விடாம."

தீனா யோசித்தான். "'எம் பொண்ணுக்கு அந்த மெட்ராஸ் பேப்பரை எடுத்துடுங்க சார். அவங்க நைனாவுக்குத் தெரிய வேணாம். ஜல்தியா முடிச்சிடுங்க'ன்னாங்க."

சசிகலா பேனாவை மூடி வைத்தாள்.

"எடுக்கிறதுன்னா இன்னா தீனா?"

"நீக்கிறதுதான் மேடம்."

"உனக்கு அப்படித்தான். பேரை எடு, பேப்பரை எடுன்னு நாள் முழுக்க பட்டன் அமுக்கறவன் நீ. எங்க கடைக்கு வந்து ஒரு அம்மா 'பொண்ணுக்கு எடுத்துடுங்க'ன்னா, பட்டுச்சேலையைப் பொண்ணுகிட்டருந்து புடுங்கிடுங்கன்னா அர்த்தம்? வாங்கிக் குடுங்கன்னு அர்த்தம். அதைவிடு. அந்தப் பேப்பரை நீக்கினா இவ அப்பா பாயசம் வைப்பாரு. அவருகிட்ட அதை எதுக்கு மறைக்கணும்? சேர்க்கச் சொல்றவங்கதான் மறைப்பாங்க."

தீனா நிமிர்ந்து பார்த்தான். "அப்போ அவங்க..."

"பொண்ணு ஆசையை விட்டுட்டான்னு நெனச்சு, புருஷனுக்குத் தெரியாம வாங்கிக் குடுக்கப் பார்த்திருக்காங்க. ஏற்கெனவே வாங்கியாச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை என்கிட்டயோ இவகிட்டயோ கேட்டிருக்கலாம் நீ. குற்றவாளி நம்ம ஆபீஸ்தான்."

முதல்வரிடம் போனாள். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரம் பேரம் பேசினாள். கூடுதலாக ஒரே ஒரு இடம் கேட்டாள். பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவள், அன்று வெறுங்கையோடு திரும்பினாள்.

"சுகன்யாவை விட்டுத்தரச் சொல்லிக் கேக்கட்டுமா?"

தேவிப்ரியா வேண்டாம் என்று தலையசைத்தாள். "அவளுக்கும் கடைசி வருஷம்தானே மேடம்."

மதியம் கதவருகே ஒரு பெண் தயங்கி நின்றாள். நூலுக்குச் சாயம் போட்டுச் சிவந்த விரல்கள். இதுவரை கல்லூரிக்குள் கால் வைத்திராத அபிதகுசாம்பாள். நாற்காலியில் இருந்த மகளை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் திகைத்தாள்; பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சிரித்தாள்.

"நேத்து போன் பண்ணேன் மேடம். எம் பொண்ணுக்கு எடுத்துட்டீங்களா?"

சசிகலா வாய் திறப்பதற்குள் தேவிப்ரியா எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டாங்கம்மா."