கோழிக் கொட்டகைமேல் பன்னிரண்டு பேனல்

காலை மணி 9.50.

“போச்சு சார்! அடியோட போச்சு!”

மானிய ஆய்வாளர் இன்னும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அதற்குள் பண்ணைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கோழிக் கொட்டகைக் கூரையில் பொருத்தியிருந்த பன்னிரண்டு சோலார் பேனல்களையும் காணோம். வெறும் கம்பிச் சட்டங்கள்தான் பல்லிளிக்கின்றனவாம்.

ஆய்வாளர் பதினேழு வருட சர்வீஸில் உடைந்த பேனலைப் பார்த்திருக்கிறார். பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவல் வாங்கி மாட்டிய பேனலைக்கூடப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்துதான் யார் காட்டும் போட்டோவையும் நம்பாமல் சொந்த ஏணியோடு கூரை ஏறுகிறார். அதனால் அவருக்கு ‘ஏணி சார்’ என்றே பெயர். ஆனால் ஆய்வு நாளன்று மொத்தமும் மாயமாவதை இப்போதுதான் பார்க்கிறார்.

பண்ணைக்குச் சோலார் போட்டால் பாதிச் செலவை அரசு தரும். பேனல் கூரைமேல் இருப்பதை ஆய்வாளர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் மின் இணைப்பு. திட்டம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. தவறினால் பேனலுக்கு வாங்கிய மொத்தக் கடனும் அம்மாள் தலையில் விழும். அந்தக் கடனுக்கு ஈடாக நிற்பதோ இந்தப் பண்ணை.

“முதல்ல நான் ஏறிப் பார்க்கிறேன்” என்று ஏணியைத் தூக்கிவந்து தகரக் கூரையில் சாய்த்தார்.

டங்!

அவ்வளவுதான். கொட்டகைக்குள் பிரளயம். எண்ணூறு கோழிகளும் அலறியடித்துக்கொண்டு ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி அமுங்கின. அம்மாளும் அவள் தம்பியும் உள்ளே பாய்ந்து, இரண்டு கையாலும் வாரி வாரிக் கலைத்துவிட்டார்கள். தம்பி வெளியே வந்தபோது கையில் இரண்டு கோழிகள் கழுத்துத் தொங்கிக் கிடந்தன. அவன் கண் கலங்கியிருந்தது.

“என்ன சார் நீங்க! மூலைத் தூண்ல துணி கட்டியிருக்கோம், அங்கதான் மெதுவா சாய்க்கணும். தகரத்துல சின்னச் சத்தம் கேட்டாலே இதுங்க உயிரை விட்டுடும்!”

ஆய்வாளர் கூசிப்போனார். துணி கட்டிய தூண் வழியாகப் பூனைபோல் ஏறினார். போல்ட்டுகள் ஒழுங்காகக் கழற்றப்பட்டு, ஒவ்வொன்றும் அதனதன் துளைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. எங்கும் ஒரு கீறல் இல்லை.

மணி 10.30. விசாரணை.

“பேனலைக் கடைசியா யார் பார்த்தது?”

“நான்தான்” என்றான் தம்பி. “நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஏணியில நின்னு எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் இருந்துச்சு. காலையில ஆறரைக்குக் கழுவலாம்னு போனா, ஒண்ணுகூட இல்ல.”

“நீங்கம்மா?”

“பேனல் இருந்த கூரைச் சரிவு வாசல்லேருந்து தெரியாது சார். நேத்து ஒண்ணரைக்குப் பேங்க்குக்குப் போனேன். திரும்ப அஞ்சாயிடுச்சு.”

“ராத்திரி ஏதாவது சத்தம்?”

“ம்ஹூம். நிம்மதியாத் தூங்கினேன். காலையில முட்டைகூட வழக்கம்போல இருபத்திரண்டு தட்டு எடுத்தேன். அப்புறம்தான் இந்த இடி!” என்றவள் ஆய்வுக்கு வந்து நின்ற ஒப்பந்தக்காரரைப் பார்த்து விரலை நீட்டினாள். “இந்த மனுஷனைக் கேளுங்க சார். பாக்கியைக் குடுக்கலேன்னா கழட்டிட்டுப் போயிடுவேன்னு போன வாரம்தான் கத்தினார்.”

பேனல் பொருத்திக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்கு முகம் வெளிறியது. “கோபத்துல சொன்னேன் சார்! மானியம் வந்தாத்தானே எனக்கே பாக்கி வரும்? என் பிழைப்புல நானே மண்ணைப் போட்டுக்குவேனா?”

“தம்பி, நேத்திலேருந்து இன்னிக்குக் காலை வரைக்கும் செத்த கோழி எத்தனை?”

“ஒண்ணுகூட இல்ல சார்” என்றான் தம்பி. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆய்வாளர் வாசலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்போது கொட்டகையை ஒட்டிய அறையிலிருந்த பெரிய இயந்திரம் கண்ணில் பட்டது.

“அது என்ன?”

“தீவனம் அரைக்கிற மெஷின். தினமும் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் தம்பி ஓட்டுவான்” என்றாள் அம்மாள். “அது போடற சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசறதே கேட்காது.”

“கோழி பயப்படாதா?”

“குஞ்சுலேருந்து கேட்குதே, பழகிப்போச்சு. மெஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காதுங்க.”

மணி 11.15. ஆய்வாளர் எழுந்தார்.

“நான் ஏணியைச் சாய்ச்சதுக்கே ரெண்டு கோழி போச்சு. ராத்திரியில பன்னிரண்டு பேனலைக் கழட்டியிருந்தா இங்க பாதிக் கொட்டகை செத்துக் கிடக்கணும். ஒண்ணுகூடச் சாகலை, முட்டையும் குறையலை. அப்போ திருட்டு ராத்திரி நடக்கலை. நேத்து ரெண்டுலேருந்து நாலுக்குள்ள, மெஷின் சத்தத்துல நடந்திருக்கு.”

“அப்ப ஆறு மணிக்கு இருந்துச்சுன்னு தம்பி…” என்று ஆரம்பித்த அம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கோழி செத்தா சாகட்டும்னு வெளித் திருடன் கழட்டிட்டுப் போயிருப்பான். இதுங்க உசுருக்காகக் காத்திருந்து கழட்டினவன், இதுங்களை வளர்த்தவன்.”

ஆய்வாளர் அரவை அறைக்குள் போய்த் தீவன மூட்டைகளை விலக்கினார். பின்னால் பன்னிரண்டு பேனல்களும் சாக்கு சுற்றிச் சுவரில் சாய்ந்து நின்றன.

அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடப்பாவி! கோழி பயந்துடும்னு பார்த்தியே, அக்கா நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவாளேன்னு பார்க்கலையாடா?”

தம்பி குலுங்கி அழுதான். “விண்ணப்பத்துல ஒரு பேர்தான் இருக்கணும்னு சொன்னியேக்கா. பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். மானியம் வந்துட்டா அஞ்சு வருஷத்துக்குப் பேரை மாத்த முடியாதாமே. அதுக்குள்ள நீ என்னைத் துரத்திட்டா? நம்ம பண்ணையிலேயே நான் கூலிக்காரனா? விண்ணப்பம் தள்ளுபடியானா அந்தக் காகிதமும் செல்லாமப் போயிடும்னு நினைச்சேன்.”

ஆய்வாளர் திகைத்தார். “ஒரு பேர்தான்னு யார் சொன்னது? எத்தனை பங்குதாரர் வேணும்னாலும் இருக்கலாம். ஆறாவது பக்கத்துல கட்டமே இருக்கு.”

கோப்பைப் புரட்டினார். கட்டம் இருந்தது. ‘வேறு பங்குதாரர் உண்டா?’ எதிரே நீல மையில் ‘இல்லை’. பக்கத்தில் அம்மாளின் கையெழுத்து.

தம்பி அந்தப் பக்கத்தையே வெறித்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

“தெரிஞ்சேவா எழுதினே?”

“பயம்டா” என்றாள் அவள். “பங்கைக் குடுன்னு கேட்டு, வித்துட்டு டவுனுக்குப் போயிடுவியோன்னு. உன் பொண்டாட்டி ரெண்டு தடவை அப்படிப் பேசினா. எங்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாமேடா?”

“நீ நேரா சொல்லியிருக்கலாமேக்கா?”

ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. ஒரு திருடனைப் பிடிக்கப் போய், வீட்டில் இரண்டு பேர் அகப்பட்டிருக்கிறார்கள்.

“ஆய்வு முடியற வரைக்கும் விண்ணப்பத்தைத் திருத்தலாம். பேனலும் மேல போகணும், இதுவும் மாறணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலேன்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அஞ்சு மணிக்கு நான் கிளம்பிடுவேன்” என்று பேனாவை நீட்டினார்.

அம்மாள் வாங்கினாள். ‘இல்லை’யை அடித்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுத ஆரம்பித்தாள். இரண்டு எழுத்து எழுதியதும் பேனா நின்றுவிட்டது. தம்பி குனிந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இருவருமாக மீதியை எழுதி முடித்தார்கள்.