காரணமில்லாத நெரிசல்

"நாளைக்கும் லேட்டா போனா என்னை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க சார். பஸ் கழுவுற எடத்துக்கு மாத்திடுவாங்க," என்றார் பேருந்து ஓட்டுநர். சொல்லிவிட்டு, கழுவவேண்டிய பேருந்து எதிரில் நிற்பதுபோல் சுவரையே வெறித்துப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியறை அது. கீழே பள்ளி, மேலே துப்பறியும் அலுவலகம். துப்பறிவாளர் போக்குவரத்துக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர். நெடுஞ்சாலையில் இடது ஓரத்தைப் பிடித்தாரென்றால் ஊர் வரும்வரை அதை விடமாட்டார். அதனால் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்தவர் அவருடைய மைத்துனர்தான். பள்ளியின் முதலாளியான மைத்துனர் நாள் முழுக்க மாணவர்களிடம் "பொறுமை, பொறுமை" என்று கத்துவார். அவரிடம் அது மருந்துக்கும் கிடையாது.

"முழுசா சொல்லுங்க," என்றார் ஆமை.

"காலையில பாலத்துக்கிட்ட ரெண்டு லேனும் அடைச்சிக்குது சார். ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டினா நெரிசல் தானா கரைஞ்சிடும். விபத்தும் இல்ல, குழியும் இல்ல. எதுக்கு நின்னோம்னே தெரியாது. மேனேஜர் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்திருக்காரு. ரோடு காலியா கிடந்துச்சாம். நான் எங்கயோ நிறுத்தி அரட்டை அடிக்கிறேன்னு முடிவு கட்டிட்டாரு."

"எப்பயிருந்து இப்படி?"

"இந்த மாசந்தான். அதுக்கு முன்னாடி லேட்டே கிடையாது. சொல்லப்போனா எப்பவும் சீக்கிரமே போயிடுவேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது.

மனைவி தலையைத் தூக்காமலே கேட்டார்: "அந்த வளைவுல யாருக்கும் அடிபடலையே சார்?"

"பேச்சு பாலத்தைப் பத்தி. நீ வேற," என்றார் கணவர்.

ஆமையின் பார்வை அந்த அம்மாவின் விரல்களில் நின்றது. நகக்கண்களில் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. அதை உணர்ந்த அவர், "தகரப் பட்டறையில பெயிண்ட் அடிக்கிறேன் சார்," என்று சொல்லி விரல்களை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆமையின் பழைய கார் பாலத்தருகே வசமாக மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் வாகனங்கள், நடுவே புகுந்து புகுந்து பழச்சாறு விற்கும் ஓர் ஆள். ஓட்டுநரின் பேருந்தும் கொஞ்சம் தள்ளி நின்றது. அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஆள் சிக்கிட்டான் மாமா," என்று மைத்துனர் கதவைத் திறக்கப் போனார். "வியாபாரத்துக்காக இவன்தான் ஏதோ பண்றான்."

"உக்காருங்க மாப்ளே. நெரிசல் வந்ததால இவன் வந்தான். இவன் வந்து நெரிசல் வரல."

"அப்ப இங்க என்னதான் இருக்கு?"

"இங்க ஒண்ணும் இல்ல. இப்படி வச்சுக்குங்க, சினிமா விட்டு கூட்டம் வெளிய வருது. முன்னாடி ஒருத்தர் செருப்பைச் சரிபண்ணக் குனியறாரு. பின்னால வர்றவர் சட்டுனு நிப்பாரு, அவருக்குப் பின்னால இன்னொருத்தர். கடைசியில கதவுகிட்ட இருக்கறவன்தான் நல்லா மாட்டிக்குவான். அவன் எட்டிப் பார்க்கும்போது செருப்புக்காரர் வீட்டுக்கே போயிருப்பாரு. குனிஞ்சவரை நாம முன்னாடி போய்த் தேடணும்."

கார் பாலத்தைத் தாண்டியது. சாலை விரிந்தது. ஆமை தன் வழக்கப்படி இடது ஓரத்தில் உருண்டார், மைத்துனர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வெகுதூரம் போனபின் சாலை வலப்பக்கம் வளைந்தது. அங்கே வலது லேனில் பறந்துகொண்டிருந்த கார்களின் பின்விளக்குகள் வரிசையாகச் சிவந்தன. பின்னால் வந்த சிலர் இடிபடாமல் இருக்க இடது லேனுக்குப் பாய்ந்தார்கள். உடனே இடது லேனும் பிரேக் போட்டது.

ஓரத்துக் கம்பத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் வட்டமாய் ஒரு கண்ணாடிக் கண்.

"வேகம் பிடிக்கிற கேமரா," என்று மைத்துனர் சலித்துக்கொண்டார். "அரசாங்கம் வச்சது. கேஸ் முடிஞ்சுது."

"வயர் எங்க மாப்ளே?"

வயர் இல்லை. மைத்துனர் காரின் மேல் ஏறிப் பார்த்தார். கண்ணாடிக் கண், டம்ளரின் அடிப்பாகம். பெட்டியின் கீழே நீளமான ஒரு வாயை அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"தலைகீழா மாட்டின தபால் பெட்டி மாமா," என்றார், வாயைப் பிளந்தபடி.

பேருந்துப் பணிமனையில் மேலாளரின் அறை. ஓட்டுநரும் மனைவியும் சுவரோரம் நின்றார்கள். பெட்டியை மேசைமேல் வைத்து ஆமை விளக்கினார்.

"இதைப் பார்த்து எல்லாரும் பிரேக் அடிக்கிறாங்க. காலையில வண்டிங்க ஒட்டி ஒட்டி வர்றதால அந்த பிரேக் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா பாலம் வரைக்கும் போயிடுது. மத்தியானம் வண்டிக்கு வண்டி இடைவெளி இருக்கு, அதனால அங்கேயே அடங்கிடும். நீங்க பார்த்ததும் நெசம், இவர் சொன்னதும் நெசம்."

ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். மேலாளர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "யார் வேலை இது?" என்றார்.

"இதுல யாருக்கும் ஒரு லாபமும் இல்ல, ஒரு வண்டியோட வேகம் குறையறதைத் தவிர. அது குறையணும்னு ஆசைப்பட்டவங்கதான் வச்சிருக்கணும். நேத்து பேச்செல்லாம் பாலத்தைப் பத்தி. ஒருத்தருக்கு மட்டும் கவலை வளைவு மேலயே இருந்துச்சு." ஆமை நிறுத்தினார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"நான்தான் சார்," என்றார் ஓட்டுநரின் மனைவி. "அந்த வளைவுல பஸ் சாய்ஞ்சு நிமிர்ந்ததை இவரே சிரிச்சுக்கிட்டு சொன்னாரு. அன்னியிலிருந்து காலையில இவர் போன் வர்ற வரைக்கும் எனக்குத் தண்ணிகூட இறங்காது. பட்டறையில வீணாப்போன பெட்டி கிடந்துச்சு. பட்டப்பகல்ல ரோடு வேலைக்காரங்க போடுற ஆரஞ்சு கோட்டு போட்டு ஏணி வச்சு ஏறினேன், ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல. எங்கயோ இருக்கிற பாலத்துல போய் இது அடைக்கும்னு, இவர் வேலைக்கே உலை வைக்கும்னு சத்தியமா தெரியாது சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் கணவர்.

"தினம் சொன்னேன். நீங்க கேக்கல. இந்தப் பெட்டி வாயே திறக்கல, அதுக்குக் கேட்டீங்க."

முதலில் சிரித்தவர் மைத்துனர். பிறகு மேலாளருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து, "பஸ் சாய்ஞ்ச கதையை என்கிட்ட யாரும் சொல்லலையே," என்று அவர் கேட்டதும் ஓட்டுநர் தரையைப் பார்த்தார். ஆனால் கழுவுமிடத்துக்கு மாற்றும் பேச்சு அங்கேயே செத்தது. வளைவுக்கு வெகு முன்னாலேயே ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க நெடுஞ்சாலைத் துறையைக் கேட்பதாகவும் மேலாளர் ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பாலத்தில் நெரிசல் இல்லை. ஆமையும் மைத்துனரும் வளைவில் காரை ஓரங்கட்டிக் காத்திருந்தார்கள். கம்பம் வெறுமையாக நின்றது. பேருந்து நேரத்துக்கு வந்து, இடது லேனில் நிதானமாகத் திரும்பிப் போனது. முன் இருக்கையில் அந்த அம்மா, ஜன்னல் பக்கம் சாய்ந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பின்விளக்கு எரியவே இல்லையே மாமா. பிரேக் போடாமலா திரும்பினாரு?"

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை ரொம்ப முன்னாடியே எடுத்துட்டாரு மாப்ளே," என்றார் ஆமை.