கட்டைவிரலுக்கு ஒரே ஒரு வேலை

"யாரு... யாரு இந்த பட்டனையெல்லாம் மாத்தி வச்சது?"

வைஜெயந்தி போட்ட சத்தத்தில் டெய்ரி ஃபார்ம் பகுதியின் சமூகக் கூடமே திரும்பிப் பார்த்தது. வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக் கொண்டிருந்தது. அதையும் மீறிய சத்தம்!

பெரிய திரையில் அவளுடைய வீராங்கனை மல்லாந்து கிடந்தாள். இரண்டு ரவுண்டுகள்... மொத்தம் ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. 'தண்டர் ரிங்' சண்டை விளையாட்டில் நான்கு வருடம் பழகிய கை அவளுடையது. குத்துக்கு எந்த பட்டன், உதைக்கு எது, தடுப்புக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இன்றைக்கோ, குத்தப் போனால் குதித்தது. தடுக்கப் போனால் உதைத்தது. நடுவில் ஆட்டத்தை நிறுத்தினால் அந்த ரவுண்டு எதிராளிக்கு என்பது விதி. அந்தப் பயத்திலேயே கண்டதையும் அழுத்திக் கொண்டிருந்தாள்... கடைசியில் எல்லாமே போயிற்று.

"அரே வைஜு!" போட்டியை நடத்தும் சிவபிரகாஷ் மைக்கும் கையுமாக ஓடி வந்தார். "உக்காந்ததும் பட்டன் செக் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? முன்னாடி ஆடினவங்க வச்சது அப்படியே இருக்கும்ல?"

சொன்னார்தான். அவள் காதில் விழுந்தால்தானே? காதுக்குள் நெஞ்சு அடித்துக் கொள்கிற சத்தம் மட்டும்தான் கேட்டுக் கொண்டிருந்தது.

"அது என்னோட செட்டிங்."

பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினாள். உப்புக்காற்றில் கறுத்த முகம்... அதில் சம்பந்தமே இல்லாமல், மழை நின்ற பிறகு தேங்கி நிற்கும் தண்ணீர் போல அமைதியான இரண்டு கண்கள்.

"பழையபடி வச்சுட்டு எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். மறந்துட்டேன். ஸாரி மேடம்."

"மறந்துட்டீங்களா... இல்ல, வேணும்னே வச்சீங்களா?"

"அடுத்து நீங்கதான் உக்காருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போர்டுல லிஸ்ட் ஒட்டியிருக்கே! இது சீட்டிங். சுத்தமான சீட்டிங்!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று உறைத்தது. அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. நேராக சிவபிரகாஷிடம் போனான்.

"தப்பு என்னோடதுண்ணே. இவங்களுக்கு மறுபடி ஆட்டம் வைங்க. என் அடுத்த ஆட்டத்துல ஒரு ரவுண்டைக் குறைச்சுக்கிடுங்க."

"ரூல்ல இடமில்லப்பா. அவ கீழ் வரிசைக்குப் போறா. அவ்வளவுதான்."

ஒரு முறை தோற்றவர்களுக்குக் கீழ் வரிசை. அதில் வரிசையாக ஜெயித்தால் ஃபைனல் வரை ஏறி வரலாம். இன்னொரு தோல்வி என்றால் வீடு.

அவன் திரைக்கு முன் உட்கார்ந்து பட்டன்களைப் பழையபடி மாற்றி வைத்தான். அப்போதுதான் கவனித்தாள். வலது கட்டைவிரல் மடங்கவே இல்லை. ஒட்டவைத்த குச்சி மாதிரி விறைத்து நின்றது. ஆள்காட்டி விரலால்தான் ஒவ்வொன்றாக நகர்த்தினான்.

"கிளமெண்ட். ஜங்கிலிகாட்ல போட் எஞ்சின் மெக்கானிக்," என்றார் சிவபிரகாஷ், தாழ்ந்த குரலில். "ரெண்டு வருஷம் முன்னாடி கயிறு இழுக்கிற மெஷின்ல விரல் மாட்டிக்கிச்சு. ரெண்டு ஆபரேஷன். கட்டைவிரல் வேலை செய்யாதுன்னு எல்லாத்தையும் கன்ட்ரோலரோட மேல் விளிம்பு பட்டனுக்கு மாத்தி வச்சு ஆடறான். அவனைப் போய் சீட்டிங்னு..."

வைஜெயந்திக்கு முகமெல்லாம் சுட்டது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் மழை மட்டும்.

அன்று மாலைக்குள் கீழ் வரிசையில் இரண்டு ஆட்டங்களைத் தட்டுத் தடுமாறி ஜெயித்தாள். மீதி ஆட்டங்களும் ஃபைனலும் அடுத்த ஞாயிறு. தீவிலிருந்து, ஜெயிப்பவர் ஒருவருக்கு மட்டும் சென்னைப் போட்டியில் இடம், கப்பல் டிக்கெட்டோடு.

அவளுக்குச் சென்னை பெரிதில்லை. இந்தக் கை பெரிது. ஆபீஸ் கிளார்க் வேலைக்கு மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் எழுத்துப் பரீட்சையில் பாஸ். டைப்பிங் டெஸ்டில் கை நடுங்கி நடுங்கி, மூன்று தடவையும் ஃபெயில். "படபடப்பு மட்டும் இல்லாம இருந்தா..." என்று பி.டபிள்யூ.டி.யில் இருக்கும் அப்பா ரவிச்சந்திரன் ஆரம்பிப்பார். முடிக்க மாட்டார். அந்த முடிக்காத வாக்கியம்தான் அவளை அதிகம் குத்தியது. ஒரே ஒரு தடவை... இந்தக் கையை வைத்துக்கொண்டே எதிலாவது ஜெயித்துக் காட்ட வேண்டும்.

புதன்கிழமை. அபர்தீன் பஜாரில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடை.

"வலிக்குப் போடற ஸ்ப்ரே ஒண்ணு குடுங்க."

நிமிர்ந்தாள். அதே கண்கள்! மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த 'ஸாரி' தொண்டை வரை வந்தது... அங்கேயே உட்கார்ந்து கொண்டது. 'சொல்லுடி... சொல்லித் தொலையேன்!'

"பெருசா, சின்னதா?" என்றாள்.

"எது?"

"ஸ்ப்ரே!"

"சின்னது போதும். சீட்டிங் பண்றவனுக்கு எதுக்குப் பெருசு?"

உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக் கொண்டாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது, அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து கவுன்ட்டரில் வைத்தான்.

"சிவபிரகாஷண்ணன்கிட்ட கடையைக் கேட்டுத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க ஆடின மத்த ரெண்டு ஆட்டத்தையும் வெளியே நின்னு பாத்தேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க... உங்களுக்குக் கை நடுங்குதுலா?"

அவ்வளவுதான். வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என் கையைப் பத்தி உங்ககிட்ட நான் கேட்டேனா?"

"கேக்கல. ஆனா சொல்லுதேன். நீங்க பஞ்ச் அடிக்கும்போது கட்டைவிரல் வழுக்கி, பக்கத்துல இருக்க கிக் பட்டனையும் சேத்து அழுத்திருது. ரெண்டும் சேந்து விழுந்தா உங்க ஆளு எதிராளியைப் பிடிக்கப் போகுது. பிடி கிடைக்கலன்னா அடி வாங்குது. பதினோரு தடவை எண்ணினேன்."

"எண்ணினீங்களா!"

"கிக்கை வலது ஆள்காட்டி விரலுக்கு மாத்துங்க. தடுப்பை இடது ஆள்காட்டிக்கு. பிடிக்குத் தனியா ஒரு பட்டன். கட்டைவிரலுக்கு பஞ்ச் மட்டும்... ஒரே ஒரு வேலை. அப்புறம் அது எவ்வளவு நடுங்கினாலும் தப்பா எதையும் தொடாது."

"உங்க பரிதாபம் எனக்கு வேண்டாம். நாற்பது நாள் பழகினாலும் வராத அமைப்பு. நாலு நாள்ல யாரால மாத்த முடியும்?"

அவன் ஸ்ப்ரேயை எடுத்துக் கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"மடங்க வச்சுரணும்னு நானும் ஒரு வருஷம் விரலோட சண்டை போட்டேன் மேடம். விரல் மாறல. அதுக்கப்புறம்தான் பட்டனை மாத்தினேன்."

அவன் போன பிறகு காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். ஒரு இருமல் மருந்து விற்றாள். ஒரு பேபி பவுடர் விற்றாள். அப்புறம் யாரும் பார்க்காதபோது குனிந்து, அதை எடுத்து நீவி, கைப்பைக்குள் வைத்துக் கொண்டாள்.

பென்சிலால் வரைந்த கன்ட்ரோலர். ஒவ்வொரு பட்டனுக்கும் அம்புக்குறி. கோணல் கையெழுத்து... விறைத்த விரலோடு எழுதினால் அப்படித்தானே வரும்?

கடைக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். வியாழக்கிழமை முழுக்க விரல்கள் அவளைப் பழிவாங்கின. உதைக்க நினைத்தால் பழைய இடத்துக்கே ஓடின. அழுகையே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏதோ ஒரு கணத்தில்... உதை தானாக ஆள்காட்டி விரலிலிருந்து போனது. கட்டைவிரல் நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. ஆனால் திரையில் அது தெரியவே இல்லை!

"என்னடி, தனியா சிரிக்கறே?" என்று அம்மா சுதா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா..."

ஞாயிற்றுக்கிழமை. உட்கார்ந்ததும் முதல் வேலையாக பட்டன்களைச் சரிபார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை... சிவபிரகாஷ், "சலோ வைஜு, போதும்!" என்று கெஞ்சும் வரை. கீழ் வரிசையில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள். ஃபைனலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது கிளமெண்ட்.

அவள் திரையில் இருந்த அமைப்பை அவன் பார்த்தான். அந்தக் கண்கள் லேசாக விரிந்தன.

ஐந்து ஆட்டங்களில் மூன்று ஜெயிக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றது. கடைசி ஆட்டத்தின் கடைசி ரவுண்டில் இருவருக்கும் ஒரு மயிரிழை உயிர்தான் மிச்சம். அவன் பாய்ந்தான். அவள் தடுத்தாள். மறுபடி பாய்ந்தான். மறுபடி தடுத்தாள். மூன்றாவது பாய்ச்சலுக்கு முன் கண்ணிமைக்கிற இடைவெளி... கட்டைவிரலால் ஒரு குத்து.

கூடம் எழுந்து நின்று கத்தியது. சிவபிரகாஷ் மைக்கில் என்னவோ சொன்னார். வைஜெயந்திக்கு எதுவும் கேட்கவில்லை. 'நானா? நான் ஜெயிச்சேனா? இருக்காது... எதிலும் ஜெயிக்காத கை இது. அந்தக் கடைசி இடைவெளி... அவனே விட்டதுதான். பாவம் பார்த்து விட்டுக் கொடுத்திருக்கான்!'

கை குலுக்க வந்தவனிடம் கேட்டே விட்டாள்.

"விட்டுக் கொடுத்தீங்களா?"

நீட்டிய கை பாதியில் நின்றது.

"அன்னிக்கும் சீட்டிங்னீங்க. இன்னிக்கும் அதையேதான் வேற மாதிரி சொல்லுதீங்க," என்றான் மெதுவாக. "நீங்க ஜெயிச்சதை நீங்களே நம்பலன்னா நான் என்ன செய்ய?"

போய்விட்டான்.

கப்பல் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. அம்மாவும் கூட வருகிறாள், ராயபுரத்தில் இருக்கும் தன் தங்கையைப் பார்த்துவிட்டு வர. அப்பாவோ அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார். அந்த முடிக்காத வாக்கியத்தை அதற்கப்புறம் ஆரம்பிக்கவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய வாரம்தான். வைஜெயந்திக்கோ சோறு இறங்கவில்லை. சிவபிரகாஷ் அனுப்பிய ஃபைனல் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவன் எங்கே விட்டான்... எங்கே... எங்கேயும் இல்லை! கடைசி நொடிவரை வெறிபிடித்த மாதிரி ஆடியிருந்தான். அந்த இடைவெளி அவனாக விட்டதல்ல. அவள் தடுத்ததால் வந்தது.

ஒரே மனுஷனை இரண்டு தடவை அதே பழியைச் சொல்லி அடித்திருக்கிறாள். இப்படியே கப்பல் ஏறினால் மூன்று நாளும் கடலைப் பார்த்து அழ வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, "இதோ வந்துடறேன்மா" என்று ஆட்டோ பிடித்தாள்.

ஜங்கிலிகாட் மீன்பிடித் துறையில் தூறல். ஈரப்பலகை, மீன் வாடை, டீசல். "கிளமெண்ட் கிதர் ஹை?" என்று கேட்டுக் கேட்டு நாலாவது படகுக்கு வந்து சேர்ந்தாள். எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"கப்பல் மூணு மணிக்குல்லா?" என்றான், பயந்து போய். "இங்க என்ன பண்ணுதீங்க?"

"ஸாரி சொல்ல வந்தேன். ரெண்டுக்கும்." மூச்சு வாங்கியது. "வீடியோ பார்த்தேன். நீங்க விட்டுக் கொடுக்கல. ஒரு இடத்துலகூட விடல. என்னை அடிச்சுப் போடற வெறியோட ஆடியிருக்கீங்க. அந்த அமைப்பை வரைஞ்சு குடுத்ததே நீங்கதானே... அப்புறம் ஏன் அவ்வளவு வெறி?"

அவன் துணியால் கையைத் துடைத்தான். துடைத்துக் கொண்டே இருந்தான். கிரீஸ் போகவில்லை.

"சொல்லுங்க. எனக்கு நேரமில்ல."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்."

"நீங்க ஜெயிச்சா மெயின்லேண்ட் போயிருவீங்க." தலையைக் குனிந்து கொண்டான். "அங்க போனவங்க நெறைய பேர் திரும்பி வரல. அந்தக் காகிதத்தை வரையும்போது நீங்க ஜெயிக்கணும்னுதான் இருந்துச்சு. எதுக்க வந்து உக்காந்ததும்... ஐயோ, ஜெயிச்சிட்டா போயிருவாங்களேன்னு ஆயிப்போச்சு. விட்டுக் குடுக்கறதாவது... நீங்க போகக் கூடாதுன்னு உயிரைக் குடுத்து ஆடினேன் வைஜெயந்தி. அப்படியும் தோத்துட்டேன்."

முதல் தடவையாகப் பெயர் சொல்லியிருக்கிறான்!

அவள் சிரிக்கவில்லை. கண்ணில் நின்றது தூறலா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பைக்குள் போன் அடித்தது. அம்மாதான். அடிக்கட்டும்.

"திரும்பி வர்ற டிக்கெட்டும் போட்டாச்சு," என்றாள். "இன்னிலேர்ந்து பன்னெண்டாம் நாள் கப்பல் ஹேடோ துறைமுகத்துக்கு வரும். நீங்க அங்க வந்து நிக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு... போதுமா? இறங்கினதும் அம்மாகிட்ட நானே உங்களைக் காட்டிச் சொல்லப் போறேன். ஆள் அங்க இல்லைன்னா யாரைக் காட்டறது?"

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு, கிரீஸ் அப்பிய அந்த முகம் முழுக்க, மெல்ல மெல்ல வெளிச்சம் பரவியது.

"மழை பேஞ்சா?"

"நனைஞ்சுகிட்டே நில்லுங்க!"