குளிராத சர்பத்து

1946 மார்ச் பதினாறு, சனிக்கிழமை. காலை மணி எட்டு ஐந்து.

மரப்பெட்டிக்குள் கைவிட்ட ஹில்டாவுக்கு ஈர மரத்தூளும் ஐஸும்தான் தட்டுப்பட்டன. இன்னும் ஆழமாகத் துழாவினாள். முழங்கை வரை சில்லிட்டுப் போனதே தவிர, காலரா தடுப்பு மருந்துப் புட்டிகளை அடுக்கியிருந்த தகர டப்பாவைக் காணோம்.

"போச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தூத்துக்குடி தோழமைச் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அறைக்கு ஓடிவந்தார்கள்.

ஹில்டா ஆஸ்பத்திரி நர்ஸ். சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர். மீனவர் தெருக்களில் இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி, ஊசி போட்டால் உயிர் போகாது, ஊசி போடாவிட்டால்தான் போகும் என்று தொண்டை வற்றப் பேசியவள் அவள்தான். தெற்கே இரண்டு ஊர்களில் வாந்திபேதி வந்துவிட்டது. இன்று வாசலில் முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் பாதிப் பேர் ஓடுவதற்கு ஒரு சாக்குக் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் பத்து மணிக்கு வருவார், பன்னிரண்டுக்குத் தெற்கே கிளம்பிவிடுவார். அதற்குள் மருந்து கிடைக்கவில்லை என்றால் இந்த வரிசையை இனி யாராலும் கூட்ட முடியாது.

முதலில் உள்ளே வந்தவர் சங்கத் தலைவர் பால்துரை. மளிகை மொத்த வியாபாரி. கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட இறுக்கமான கோட்டு. டாக்டருக்கு வந்திருந்த மாலைப் பொட்டலத்தின் சணலை நிதானமாக அவிழ்த்தபடியே பேசினார்.

"ஐயோ, இப்பிடி ஆயிட்டுதே! சரி, மனசத் தளர விடாதிய ஹில்டா. அடுத்த மாசம் வச்சுக்கிடுவோம். நான் போய்ச் சனங்ககிட்டச் சொல்லிட்டு வாரேன்."

"கொஞ்சம் பொறுங்க, பால்துரை" என்றாள் ஹில்டா.

அப்பா வயதுக்காரரைப் பேர் சொல்லி அழைக்க அவளுக்கு இன்னமும் நாக்கு கூசும். ஆனால் சங்கத்தின் விதி அப்படி. சங்கக் காரியம் என்று வந்தால் அண்ணாச்சி கிடையாது, முதலாளி கிடையாது, உறுப்பினர்களுக்குள் வெறும் பேர்தான். வாய்தவறி யாராவது மரியாதை வைத்துவிட்டால் அந்த இடத்திலேயே நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். கடலில் பிழைப்பவரும் கடையில் பிழைப்பவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட அந்த விதிதான் வழி பண்ணியது.

அடுத்து வந்தவர் செயலாளர் பர்னபாஸ், துறைமுக ஆபீஸ் கிளார்க்கு. அக்குளில் ஒரு பஞ்சுப் பொதி. பேனாக்கத்தியால் அதன் கயிற்றைச் சரக்கென்று அறுத்து மேசையில் வைத்த பிறகுதான் காலிப்பெட்டியைப் பார்த்தார்.

"காலையில நான்தான தொறந்துவிட்டேன், பூட்டு ஒடையலையே!"

உடையவில்லைதான். ஜன்னல் கம்பியும் அப்படியே இருந்தது. அறைக்கு இரண்டே சாவி. ஒன்று தலைவரிடம், ஒன்று செயலாளரிடம்.

ஹில்டா பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மேலே மூடியிருந்த சாக்கு ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாக்கைக் கட்டியிருந்த சணல், எட்டுப் போலச் சுற்றி, நுனியை உள்ளே செருகிச் சிறு கட்டாகப் பெட்டி மூடிமேல் இருந்தது.

மணி எட்டு முப்பது. ஏட்டு சுடலைமாடன் வந்து சேர்ந்தார். வந்ததும் அவர் பிடித்தது, விடியற்காலையில் அறையைத் திறந்து ஐஸ் வைத்த காவல்காரன் சிலுவையை.

"சாவி ஒன்கிட்ட எப்பிடிலே வந்துச்சு?"

"காலையில ஐஸ் வாங்கணும்னு பர்னபாஸ் அய்யா நேத்தே குடுத்திருந்தாக."

"எத்தன மணிக்கு ஐஸ் வந்துச்சு?"

"அஞ்சுக்கு. ரெண்டு கட்டி. ஒண்ணு மருந்துப் பெட்டிக்கு. ஒண்ணு வெளிய பந்தல்ல எறக்குனேன், சர்பத்துக்கு. பெட்டியில ஐஸப் போட்டு, சாக்கச் சுத்தி இறுக்கிக் கட்டுனேன். பூட்டிட்டு, சாவிய அய்யா வீட்டுல கொண்டு குடுத்தேன். திரும்பி வரையில மணி ஆறு."

"அப்ப டப்பா?"

"நான் கட்டும்போது இருந்துச்சுய்யா."

"ஊசி ஆவாதுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீதான?"

சிலுவை தலையைக் குனிந்தான். "போன மாசம் சொன்னேன். நர்சம்மா வீட்டுக்கு வந்து வெளக்குன பெறவு சொல்லல. எம் பிள்ளையளையும் இன்னிக்கி வரிசையில நிப்பாட்டிருக்கேன்."

"கதை நல்லாத்தான் இருக்கு. நட ஸ்டேசனுக்கு."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சிலுவையின் மனைவி மரியசெல்வி, "மாதாவே!" என்று அலறினாள். அவ்வளவுதான், வரிசை கலைய ஆரம்பித்தது. "நம்ம ஆளத்தான பிடிக்காக! வாங்கலே போவோம்!" என்று ஒரு குரல். இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

ஹில்டா ஏட்டின் வழியை மறித்து நின்றாள். சிலுவை ஸ்டேஷனுக்குப் போனால் இந்தக் கூட்டமும் போய்விடும். நாளைக்கே நோய் இந்தத் தெருவுக்குள் வரும். "ஏட்டையா, ஒரு மணி நேரம் குடுங்க. மருந்து கெடைக்கலைன்னா நானே உங்ககூட ஸ்டேசனுக்கு வாரேன்" என்று கெஞ்சினாள். ஏட்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பந்தலுக்குள் நீண்ட துணி போர்த்திய மேசைமேல் நன்னாரி சர்பத்து அண்டா. பால்துரையின் கடை ஆள் செந்தூர்பாண்டி ஒரு டம்ளரை நீட்டினான். ஒரு வாய் குடித்த ஹில்டா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, வெந்நி மாதிரி இருக்கு?"

"வெதுவெதுன்னு குடிச்சாத்தான் ஒடம்புக்கு நல்லதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாக."

மேசைத் துணிக்கு அடியிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. தெருநாய் ஒன்று ஈர மணலில் வயிற்றைப் பரத்திச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஹில்டா அதைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். மறுபடி நாயைப் பார்த்தாள். பந்தல் காலில் சங்கத்தின் நோட்டீசு ஒட்டியிருந்தது. 'முதல் ஊசியைத் தலைவரே எல்லார் முன்னிலும் போட்டுக்கொள்வார்.'

டம்ளரை வைத்துவிட்டு அறைக்கு ஓடினாள்.

மணி ஒன்பது இருபது.

"கதவச் சாத்துங்க" என்றாள். மேசையிலிருந்த பஞ்சைப் பிய்த்து மூன்று பொட்டலமாகச் சணலால் கட்டினாள். பர்னபாஸ், பால்துரை, சிலுவை மூவர் கையிலும் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்தாள். "நேரம் இல்ல. சட்டுன்னு பிரிங்க!"

பர்னபாஸ் பேனாக்கத்தியால் அறுத்தார். சிலுவை பல்லால் கடித்து இழுத்தான். பால்துரை முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்து, சணலைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்குமாக மாற்றி மாற்றிச் சுற்றி, நுனியை உள்ளே செருகி மேசைமேல் வைத்தார்.

பெட்டி மூடிமேல் ஒரு கட்டு. மேசைமேல் ஒரு கட்டு. இரண்டும் ஒரே அச்சு.

"முப்பது வருசமாக் கடையில சணல வீணாக்காத கை" என்றாள் ஹில்டா. "திருடும்போது கூட அந்தக் கை கேக்கல. சிலுவை சாவி குடுக்கப் போன நேரத்துல நீங்க வந்திருக்கீய, பால்துரை."

"என்ன பேச்சு இது! சணல் எல்லாரும் சுத்துவாக..."

"சரி. சர்பத்துக்கு வந்த ஐஸ் எங்க? ஒரு கட்டி ஐஸ் எறக்கியும் சர்பத்து ஏன் சுடுது? மருந்து கெட்டுறக் கூடாதுன்னு உங்களுக்கு அக்கறை இருந்துச்சு, அதுக்குத்தான் அந்த ஐஸ் போச்சு. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாத எடத்துல மேசைக்கு அடியில மணல் எப்பிடி ஈரமாச்சு? அந்த நாய்க்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே! மொத ஊசி போட்டுக்கிடப் போறவுக, கையச் சுருட்ட முடியாத கோட்டப் போட்டுக்கிட்டு வருவாகளா? மருந்தக் காணோம்னதும் தேடச் சொல்லாம, அடுத்த மாசம்னு சொல்லுவாகளா?"

ஏட்டு எழுந்து வெளியே ஓடினார். மேசைத் துணியைத் தூக்கும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம். திரும்பி வந்தவரின் இரண்டு கையிலும் தகர டப்பா, சொட்டச் சொட்ட. ஹில்டா பறித்துத் திறந்தாள். புட்டிகள் எல்லாம் சில்லென்று இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பால்துரை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஊசின்னா எனக்கு உசிரே போயிரும், ஹில்டா" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தோணியில புயல்ல மாட்டிருக்கேன், பயந்ததில்ல. இது மட்டும் முடியல. போன கூட்டத்துல எல்லாரும் கைதட்டி எம் பேரச் சொல்லிட்டிய. எப்பிடி மாட்டேம்பேன்? இன்னிக்குத் தள்ளிப்போனா, கொழும்புக்குப் போறேன்னு கெளம்பிரலாம்னு நெனச்சேன். மருந்து மறுபடி கெடைக்கிற மாதிரி வச்சிருப்பேன், சத்தியமா."

"நீங்க பயந்தது தப்பில்ல" என்றாள் ஹில்டா. அவளுக்குக் கோபம் பொங்கியது. "இவனப் பிடிச்சு இழுக்கையில வாய மூடிக்கிட்டு நின்னீயளே, அதுதான் தப்பு."

பால்துரை நிமிர்ந்து சிலுவையைப் பார்க்க முடியாமல் தவித்தார். ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப நான் யாரக் கூட்டிட்டுப் போவ?"

"அதச் சிலுவைதான் சொல்லணும்" என்றாள் ஹில்டா.

சிலுவை ஏட்டின் பக்கம் திரும்பினான். "ஸ்டேசன் எல்லாம் வேண்டாம்யா. நோட்டீசுல போட்டபடி மொத ஊசிய அண்ணாச்சிக்கே போடுங்க. அது போதும்."

பால்துரை எழுந்தார். யாரும் சொல்லாமலே வெளியே போய், கலைந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

"சிலுவை திருடல! எடுத்து ஒளிச்சது நான்! ஊசிக்குப் பயந்து ஒளிச்சேன்! அவன் என்னைய மன்னிக்கணும்!"

கிளம்பியவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தூத்துக்குடியில் பாதிக் கடைகளுக்குச் சரக்குப் போடும் அண்ணாச்சிக்கே ஊசிக்குப் பயமா? முதலில் சிரித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மரியசெல்விதான். அந்தச் சிரிப்பு அப்படியே வரிசை முழுக்கப் பரவியது. இரண்டு மாதம் ஹில்டா பேசிப் பேசிச் சாதிக்காததை அந்த ஒரு வார்த்தை சாதித்துவிட்டது. இடுப்பில் ஏறிய பிள்ளைகள் மறுபடி தரையில் இறங்கின.

மணி பத்து ஐந்து. டாக்டர் வந்துவிட்டார். கோட்டுக் கை எவ்வளவு இழுத்தும் மேலே ஏறவில்லை. பர்னபாஸ் பேனாக்கத்தியை எடுத்தார்.

"வெட்டாதியவே, தையலப் பிரிச்சாப் போதுமே..." என்று பால்துரை முனகுவதற்குள் துணி கிழிந்தது. இன்னொரு கையைச் சிலுவை பிடித்துக்கொண்டான். பால்துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். வியர்வை தாடையில் வழிந்தது. அவரைப் பார்க்க ஹில்டாவுக்குப் பாவமாக இருந்தது.

"மூச்ச விடுங்க, அண்ணாச்சி" என்றாள் மெதுவாக, ஊசியைக் கையில் எடுத்தபடி.

ஊசி ஏறி இறங்கியது. பால்துரை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டு."

இரண்டு கண்ணும் திறந்தன. "அப்ப, இப்ப அண்ணாச்சின்னு சொன்னீயளே ஹில்டா. எடுங்க பாட்ட!"

ஹில்டா கையில் ஊசியோடு, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியில் முந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சிலுவை சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கையை நீட்டியபடி அடுத்த ஆளாக வந்து நின்றான்.