பாலைவனத்தில் ஒரு பிடி ராமேஸ்வரம்

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்லவும் தடையில்லை. கற்பூரம்தான் கைவசம் இல்லை. பாலைவனத்தில் சிந்திய ஒரு பிடி மணலைத் தேடிக் கண்டுபிடித்தவன் உலகத்திலேயே ஒருவன்தான்: கோவில்பட்டிச் சமையல்காரன் அருஞ்சுனை. சிந்தியவனும் அவனே என்பது வேறு விஷயம்.

தேசம் முழுக்கச் சுற்றிக்காட்டும் யாத்திரைப் பேருந்து அது. அதன் வயிற்றுக்குள் அரிசி மூட்டை, அடுப்பு, இட்லிக் கொப்பரை. வண்டி எங்கே நின்றாலும் அருஞ்சுனை இறங்கி அடுப்பு மூட்டுவான். ஹம்பியில் பாறைமேல் பாறை நிற்பதைப் பார்த்து, இது இட்லி அடுக்கிப் பழகிய ராட்சதன் வேலை என்று கையெடுத்துக் கும்பிட்டான். அஜந்தா ஓவியத்தின் முன்னால் நின்றவன், சாம்பார் தீயும் வாசம் மலையேறி வந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். ஜெய்சல்மேர் கோட்டை மாலை வெயிலில் மின்னியபோது, "இம்புட்டுப் பெரிய கோட்டைக்கு யாரு அண்ணாச்சி நெய் தடவுனது?" என்று ஓட்டுநர் இசக்கியப்பனிடம் கேட்டான்.

அங்கேதான் வினை வந்தது. மணல்மேட்டின் அடியில் வண்டி நின்றது. கொறிக்க ஏதாவது வேண்டும் என்றார்கள் பயணிகள். கோவில்பட்டிக்காரன் கையில் பச்சைக் கடலை இருந்தால் மணலில் போட்டுத்தானே வறுப்பான்? பாலைவன மணலோ கோதுமை மாவு மாதிரி இருந்தது, கடலையில் ஒட்டும். சாமான்களைத் துழாவினான். அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதில் நல்ல பருமணல்! வறுத்தான், சலித்தான், மணலை மேட்டின்மேல் வீசினான். கடலை பிரமாதம். லாகாராம் என்ற ஒட்டகக்காரரின் ஒட்டகம் வந்து காலி வாணலியை நக்கு நக்கென்று நக்கியது. அதன் பெயர் கேசரி என்று தெரிந்ததும் சமையல்காரனுக்கு அதன்மேல் தனிப் பாசம் வந்தது.

வாய் நிறையக் கடலையோடு, பயணிகளில் ஒருத்தியான சொர்ணத்தாய் வந்தாள்.

"ஏலே அருஞ்சுனை, அரிசி மூட்டைக்கு அடியில பத்திரமா ஒளிச்சு வச்சிருந்தேனே, மஞ்சப் பை... அது எங்கலே?"

அவன் காலி வாணலியைப் பார்த்தான்.

ராமேஸ்வரம் கடற்கரையில் மணல் எடுத்து, பிரயாகையில் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது காசி யாத்திரையின் முறை. சொர்ணத்தாயின் கணவர் தம் கையால் மணலை அள்ளி வந்தார். கிளம்புவதற்குள் கண்ணை மூடிவிட்டார். விட்ட யாத்திரையை அவள் முடிக்கப் போகிறாள். வேறு மணல் ஆயிரம் கிடைக்கும். அவர் அள்ளியது கிடைக்காது.

"பெரியம்மா... நீங்க தின்னது அதுல வறுத்த கடலைதான்."

அவள் திட்டவில்லை. கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள். "என்னைய ரயிலேத்தி விடுலே. நான் ஊருக்குப் போறேன்" என்றாள்.

அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம்!

"பெரியம்மா, அதைத் தேடிக் கொண்டாராம இந்த அகப்பையைத் தொட மாட்டேன்!"

"பாலைவனத்துல மணலைத் தேடுவியோ? போதும்வே, வாயை மூடும்" என்றார் இசக்கியப்பன்.

அந்த நேரம் பார்த்துப் புழுதிக்காற்று கிளம்பியது. வண்டிக்குள் ஓடிப் பதுங்கினார்கள். காற்று அடங்கி வெளியே வந்தால், மணல்மேட்டையே காணோம்! மேடு முழுசாக எழுந்து மேற்கே நடந்துவிட்டது.

கேசரி மட்டும் வாணலியை விடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்த அருஞ்சுனை துள்ளிக் குதித்தான்.

"அண்ணாச்சி! அது கடல் மணலு, உப்பு மணலு! உப்புன்னா ஒட்டகத்துக்கு உசுருல்லா? மூக்கைப் பிடிச்சுட்டே போகும்!"

லாரி ஓட்டி இந்தி பழகிய இசக்கியப்பன், லாகாராமிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"உமக்குப் பைத்தியம்னு சொல்லுதாரு. ஆனா ஒட்டகத்துக்குப் பிடிச்சுப்போச்சாம், கூட்டிட்டுப் போகச் சொல்லுதாரு."

ஒட்டகத்தின் முதுகில் முன்னால் அருஞ்சுனை, நடுவில் இசக்கியப்பன், பின்னால் சொர்ணத்தாய். கேசரி பாய்ந்தது! ஓடுகிற மணல்மேட்டை ஓடுகிற ஒட்டகம் துரத்தியது. மயில்கள் சிதறின, மான்கள் நின்று வேடிக்கை பார்த்தன. வழியில் ஒரு சிவந்த ஊர், ஒரு வறண்ட ஏரி, ஆளில்லாத அரண்மனை. "என்னா அழகு! என்னா அழகு!" என்று பயத்திலும் கத்திக்கொண்டே போனான் அருஞ்சுனை.

திடீரென்று எல்லை வேலி. துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

"ருக்கோ!" நில் என்று இந்தியில் அதட்டினார்.

"சுட்டுராதீங்க சாமி!" என்று அலறினான் அருஞ்சுனை.

சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "தமிழா? எந்த ஊருய்யா?"

"கோவில்பட்டி."

"அப்போ கடலமுட்டாய் வச்சிருக்கியா?"

மடியிலிருந்த வறுத்த கடலையை அப்படியே கொடுத்தான். மணல்மேடோ வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. சிப்பாய் கடலையை மென்றபடி யோசிப்பதற்குள், கேசரி வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டிவிட்டது. உடம்பு இந்தியாவில், தலை வெளிநாட்டில். ஒட்டகக் கழுத்துக்குப் பாஸ்போர்ட் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று சிப்பாய் தீர்ப்புச் சொன்னார்.

கேசரி மோந்தது. ஓரிடத்தில் வாயை வைத்தது. கன்னம் உப்பத் தலையைத் தூக்கி, சொர்ணத்தாய் ஏந்திய முந்தானையில் துப்பியது. பருமணல்! நடுவே ஒரு பொடிச் சிப்பி, இரண்டு கடலைத் தோல்.

அருஞ்சுனை ஒரு மணியை நாக்கில் வைத்தான். "உப்பு! ராமேஸ்வரம்தான்!"

சொர்ணத்தாய் மணலைக் கையில் ஏந்திப் பார்த்தாள். கண் நிறைந்தது. பிறகு புருவம் நெளிந்தது.

"அவரு கைப்பிடி பெரிசு. இதுல ஒரு சிட்டிகை குறையுது."

மூவரும் கேசரியைப் பார்த்தார்கள். கேசரி விழுங்கியது.

"அப்போ இவளும் பிரயாகைக்கு வரணும்" என்றாள் சொர்ணத்தாய்.

வந்தது. லாகாராமின் ஆசியோடு பேருந்தின் கூரைமேல் உட்கார்ந்து வந்தது! பஞ்சாபின் கடுகு வயல்கள் மஞ்சள் கம்பளம் விரித்தன. காஷ்மீரில் தோட்டக்காரர்கள் மரத்திலிருந்து நேராக அதன் வாயில் ஆப்பிள் கொடுத்தார்கள். பனிமலையைக் கண்டதும், உப்பு என்று நினைத்து நக்கப் போய்ப் பல் கூசித் திரும்பியது. தாஜ்மகாலின் முன்னால் பயணிகள் வாயடைத்து நிற்க, கேசரியும் அசைபோடுவதை நிறுத்தியது. அவ்வளவு பெரிய நாடு, அவ்வளவு விதமான மண், எந்த ஊரிலும் ஒட்டகத்துக்கு ஒரு வாய் கொடுக்க ஆள் இருந்தது.

பிரயாகையில் இரண்டு நிற நீர் கூடும் இடத்தில் சொர்ணத்தாய் மணலைக் கரைத்தாள். "உங்க மணலு வந்து சேந்துட்டுங்க" என்றாள் மெதுவாக. மிச்சச் சிட்டிகைக்கு என்ன வழி? கேசரி குனிந்து கங்கையை வயிறு முட்டக் குடித்தது. மணல் கங்கைக்குள் போனாலென்ன, கங்கை மணலுக்குள் போனாலென்ன? கணக்குத் தீர்ந்தது!

கேசரியை மரியாதையோடு லாகாராமிடம் அனுப்பிவிட்டு, கங்கை நீரோடு ராமேஸ்வரம் வந்தார்கள். ராமநாதருக்கு அபிஷேகம் நடந்தபோது சொர்ணத்தாய் அருஞ்சுனையின் தலையில் கை வைத்தாள். அன்று அவன் ஒன்று கற்றுக்கொண்டான்: அடுத்தவர் பையை அவிழ்க்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இன்னும் ஒன்று. அருஞ்சுனைக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது, ஏறினால் குமட்டும். கோவில்பட்டிக்கு வடக்கே அவன் இதுவரை போன அதிக தூரம், திருமங்கலம்.