சுமைதாங்கி மேல் ஐந்து தொட்டிகள்

அரிசி களைந்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம் என்று ஆறுமுகத்தாய் முன்வாசலுக்கு வந்தபோது, கல்லின் மேல் இருக்க வேண்டிய குரோட்டன்ஸ் தொட்டி தரையில் இருந்தது. விழுந்து உடைந்திருந்தால் கேள்வியே இல்லை. காற்று, பூனை என்று எதன் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் தொட்டியில் ஒரு கீறல் இல்லை. ஒரு பிடி மண்கூடச் சிந்தவில்லை. பாரம் தூக்கிப் பழகியவர்கள் விரல் நசுங்காமல் இருக்க ஒரு பக்கம் சாய்த்து மெல்ல உருட்டி இறக்குவார்களே, அந்த அரைவட்டத் தடம் மட்டும் புழுதியில் தெளிவாகத் தெரிந்தது.

கம்பிக் கதவின் கொண்டி போட்டபடி இருந்தது. புருஷன் தங்கச்சாமி காலை ஏழு மணிக்கே கடம்பூர்ப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போய்விட்டான். காண்டிராக்டர் ஒருவரிடம் அவன் மேஸ்திரி. வீட்டில் அவளையும் அவள் வயிற்றில் இருந்த ஏழு மாதத்தையும் தவிர வேறு யாரும் இல்லை. ‘யார் வேலையாக இருந்தாலும் இருக்கட்டும், அது இருந்த இடம் அதுதான்’ என்று ஒரு வீம்பு வந்தது. மூச்சைப் பிடித்துத் தொட்டியைத் தூக்கிப் பழையபடி கல்லின் மேலேயே வைத்தாள். உள்ளே பிள்ளை ஓங்கி ஒரு உதை உதைத்தது.

எட்டயபுரம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. எண்பதாம் வருஷம் கட்டியது. மூன்று பக்கமும் கரிசல் காடு. வாசலில் செடி வைத்தே தீருவேன் என்று அவள் பிடித்த பிடிவாதத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். சிரித்ததில் நியாயம் உண்டு. கரிசல் மழை பெய்தால் களியாகி வேரை அழுக வைக்கும். வெயில் காய்ந்தால் கை நுழைகிற அளவு வாய் பிளந்து, பிளக்கும்போதே வேரையும் சேர்த்து அறுத்துவிடும். அவள் ஆசையாக வைத்த முதல் நந்தியாவட்டை அப்படித்தான் போனது. பிறகுதான் தொட்டிக்கு மாறினாள். செவல் மண் ஒரு பங்கு, ஓடை மணல் ஒரு பங்கு, மக்கின ஆட்டுப்புழுக்கை அரைப் பங்கு. சந்தையில் செடிக்காரன் அரளியை நீட்டியபோது, பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிற வீட்டில் அது ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, மஞ்சள் புள்ளி குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி, கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ், ஒரு பன்னீர் ரோஜாப் பதியன் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில், முகம் கழுவின தண்ணீர் ஒரு செம்புகூட வீணாகாமல் அந்த ஐந்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த ஐந்தையும் வரிசையாக வைக்கத்தான் கல். ரோட்டை அகலப்படுத்தியபோது பெயர்த்துப் போட்ட சுமைதாங்கி அது. நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் படுக்கப் போட்டது. பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போனவளுக்காக நடுகிற கல் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. படுகல்லின் பக்கவாட்டில் ‘மாரித்தாய்’ என்று வெட்டியிருந்ததையும் பார்த்தாள். ஆனால் பஸ் வந்த பிறகு தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் யார்? சும்மா கிடக்கிற கல், சுமை தாங்குவதற்கென்றே நட்ட கல், தொட்டியைத் தாங்கட்டுமே. அவளே புருஷனிடம் கேட்டு லாரியில் ஏற்றி வரச் சொல்லி, வாசலில் நட்டு, எழுத்து மறைய இரண்டு கை சுண்ணாம்பும் அடித்தாள்.

கல் வந்தது தை மாதம். மாசியிலேயே அவள் முழுகாமல் இருந்தாள். முன்னால் இரண்டு தடவை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து, டாக்டரம்மா கையை விரித்த வயிறு அது. இந்தத் தடவை ஐந்து தாண்டியது, ஆறு தாண்டியது. தினமும் தண்ணீர் ஊற்றும்போது அவள் யாரும் பார்க்காமல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இந்தப் பிள்ளை மட்டும் நிற்காவிட்டால் தனக்கு இனி ஒரு வாழ்க்கை இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் தீப்பெட்டி ஆபீஸின் மத்தியானச் சங்கு ஊதி அடங்கிய பிறகு போய்ப் பார்த்தாள். இரண்டு தொட்டிகள் கீழே இருந்தன. அவற்றையும் ஏற்றி வைத்தாள். மூன்றாம் நாள் ஐந்தும். ஒன்றை ஒன்று இடிக்காமல், இலை ஒடியாமல், வரிசையாக. ஆவணி வெயிலில் தார் ரோடு இளகி நாற்றம் அடிக்க, தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து தீக்குச்சி மருந்து வாடை காற்றில் வந்து வந்து போக, சுண்ணாம்பு அடித்த படுகல் மட்டும் ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்தாள். வெறும் தண்ணீர் இல்லை. உப்பு வாடை. வியர்வை. தொட்டிகளைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் முத்துத்தாய் ஆட்டுப்புழுக்கைக் கூடையோடு வந்தாள். ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுக்காரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள். கூடையைக் கல்லில் இறக்கப் போனவள், சுண்ணாம்பு உரிந்து எழுத்து தெரிந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஏம்மா, இது சுமைதாங்கில்லா? இத்தன நாளும் தொட்டி மேடைன்னுல்லா நெனச்சேன். என்னைக்காவது தொட்டிய எடுத்திருக்கியளா?”

“எதுக்குக்கா எடுக்கணும்? சீந்துவாரில்லாம ரோட்டோரம் கெடந்துச்சு. இங்கன பூவும் தண்ணியுமா இருக்குல்லா.”

“அப்படி இல்ல தாயி. வாரவுக சுமைய எறக்கி, மூச்சு வாங்கிட்டு, மறுபடி எடுத்துட்டுப் போவாக. எடுக்கும்போதுதான் செத்தவளுக்கும் பாரம் கொறையும். எறக்குனவ எடுத்தாகணும். அதான் முறை. நீங்க வச்சது வச்சபடி நின்னா அத்தனையும் அவ தலைமேலல்லா நிக்கும்?” முத்துத்தாயின் பார்வை அவள் வயிற்றுக்கு வந்தது. “எத்தன மாசம்?”

“ஏழு.”

“கல்லு எப்ப வந்துச்சு?”

சொன்னாள். முத்துத்தாய் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். புழுக்கைக்குக் காசும் வாங்காமல், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

தங்கச்சாமியிடம் சொன்னதற்கு, “ஏட்டி, ஞாயித்துக்கெழம ஆளக் கூட்டியாந்து கல்லப் பெயர்த்துருவோம், சும்மா கெட” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவளால் நான்கு மணி நேரம்கூடப் பொறுக்க முடியவில்லை. வைத்த கையாலேயே தொட்டியை எடுத்துப் போனால் போதும், மாரித்தாய்க்குப் பாரம் இறங்கிவிடும், பிள்ளையை விட்டுவிடுவாள். விடிய விடிய அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை தொட்டிகள் கல்லின் மேல் இருந்தன. அவள் வைக்கவில்லை. யார் வைத்தது என்று யோசிக்கவும் பயமாக இருந்தது. புருஷன் போன பிறகு, இடுப்பில் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். கதவுக்கு வெளியே கொண்டுபோய் ரோட்டோரம் வைத்துவிட்டு வந்தாள். குரோட்டன்ஸ். செம்பருத்தி. கோழிக்கொண்டை. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து மூச்சு வாங்கி, கண்ணில் பூச்சி பறக்க மறுபடி எழுந்தாள். ஐந்தாவதாக ரோஜாவை வைத்துவிட்டு உள்ளே வந்து கொண்டியைப் போட்டபோது மத்தியானச் சங்கு ஊதியது.

கல் வெறுமையாக நின்றது. காய்ந்திருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“எடுத்துட்டேன் தாயி. இனி எங்கள விட்ரு.”

காற்று நின்றது. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. ஒரு சொட்டு மழை இல்லாத வெயிலில், முதல் மழை விழுந்த கரிசலின் வாடை எழுந்தது. மூக்கை அடைக்கிற வாடை.

வயிற்றுக்குள் பிள்ளை அசைவதை நிறுத்தியது.

நட்டிருந்த இரண்டு கல்லுக்கும் நடுவே பார்த்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள். பித்தவெடிப்பு. வெடிப்புக்குள் கறுப்பு மண். வெறுங்கால். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்க்கவில்லை.

“நல்லா பாத்துக்கிட்ட தாயி.” குரல் முதுகுப் பக்கம் கேட்டது. களைப்பில்லாத, நன்றாகத் தூங்கி எழுந்தவளின் குரல். “ஏழு மாசம் எறக்கி வச்சிட்டுக் கண்ணசந்தேன். எறக்குனவ எடுத்தாகணும்லா.”

கத்த வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து இரண்டு கை வந்தது. அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்தது. குளிர்ந்த கை. பழகின கை. ஒரு பக்கம் சாய்த்தது. மெல்லத் தூக்கியது.

வலிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. மாதக்கணக்கில் இற்று விழுந்த இடுப்பு நிமிர்ந்தது. காலில் வீக்கம் வடிந்தது. மூச்சு சுகமாக வந்தது. அந்தச் சுகத்தை உடம்பு ஏற்றுக்கொண்டது. அவள் வேண்டாம் வேண்டாம் என்று உள்ளுக்குள் அலறிக்கொண்டிருக்கும்போதே.

கொண்டி போட்டபடி இருந்தது. ஆனால் கதவுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி, பிளந்து கிடந்த கரிசலில் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். அவசரமில்லாத நடை. ஒரு கை இடுப்பில். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் புழுதியில் ஆழப் பதிந்தது. காட்டின் நடுவே நின்றாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயிலுக்குப் பக்கவாட்டில் நின்று, முந்தானையை ஒதுக்கி, ஏழு மாத வயிற்றை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டாள். அதற்குள்ளிருந்து ஒரு உதை வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் ஆறுமுகத்தாய்க்கு அது தெரிந்தது.

அவள் தன் வயிற்றைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனாள். கை எதிலும் முட்டாமல் முதுகெலும்பு வரை போவதாக இருந்தது. இடுப்பில் நிற்க இடமில்லாமல் சேலைக் கொசுவம் மொத்தமாக அவிழ்ந்து அவள் காலடியில் கிடந்தது.